முயல், கிருமி, சமநிலை என்னும் கதையாடல்

'ஒட்டுண்ணி', 'புல்லுருவி' இரண்டும் நம் மேடைகளில் தேய்ந்துபோன வசைகள். நிலப்பிரபுவை, வட்டிக்காரனை, தரகு முதலாளியை அப்படித் திட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம். இதே சொல்லை நாஜிகள் யூதர்மீது ஏவினார்கள். சோவியத் அரசு 1961இல் 'ஒட்டுண்ணி வாழ்க்கை'க்கு எதிராக ஆணையே போட்டது. 1964இல் கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கிக்கு அந்தக் குற்றச்சாட்டில் ஐந்தாண்டு தண்டனை கொடுத்து வடக்கே அனுப்பியது. சொல்லின் இந்த அரசியலைத் தனியாக எழுத வேண்டும். இங்கே என்னை உறுத்துவது எதிர்முனையில் நிற்கும் இன்னொரு கதையாடல்: 'ஒட்டுண்ணி போகப்போகச் சாதுவாயிடும், ஓம்புயிரைக் கொன்னா தனக்கே நஷ்டம்னு அதுக்குத் தெரியும், கடைசியில ரெண்டும் சமாதானமா வாழும்.' 2021இல் கொரோனாப் பிணங்கள் எரிந்துகொண்டிருந்தபோதும் இதைச் சொன்னவர்கள் உண்டு. முதலாளி-தொழிலாளி இணக்கத்துக்கு உயிரியலில் சாட்சி தேடுகிறவர்களுக்கும் இது வசதியான கதை. இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் ஆதாரம் ஆஸ்திரேலிய முயல். அந்த முயலின் கதையையே பார்த்துவிடலாம்.

1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார், வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை விக்டோரியாவுக்கு வரவழைத்தார். ஐம்பது வருஷத்தில் அவை கண்டத்தின் பெரும்பகுதியைப் பிடித்தன. ஆட்டுப் பண்ணையாளர்களுக்கு முயல் புல்லைத் தின்னும் எதிரி. 1930களின் பெருமந்தத்தில் வேலையில்லாதவர்களுக்கோ அதுதான் கறி, தோலை விற்றால் காசு. பூர்வகுடிகளின் கண்ணுக்கு இதில் ஒட்டுண்ணி முயலா, ஆடா, பண்ணையாரா என்பது வேறு கேள்வி.

மிக்ஸோமா வைரஸ் தென் அமெரிக்கக் காட்டு முயலுக்குத் தோலில் ஒரு சின்னக் கட்டியை மட்டும் தரும். ஐரோப்பிய முயலுக்கோ அது மரணம். 1896இல் மான்டிவிடியோவில் சனாரெல்லியின் ஆய்வுக்கூட முயல்கள் கொத்தாகச் செத்தபோதுதான் இந்நோய் வெளியே தெரிந்தது. 1950இல் இந்த வைரஸை முர்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் விட்டார்கள். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருந்தது. டிசம்பரில் கொசு பெருகியதும் ஆற்றோரமெல்லாம் முயல்கள் செத்து விழுந்தன. அதே கோடையில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரவே, சனம் இந்த வைரஸைச் சந்தேகப்பட்டது. பர்னெட், ஃபென்னர், க்ளூனிஸ் ராஸ் மூவரும் அதைத் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டு காட்டினார்கள். இந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு இவர்கள்மேல் மரியாதை உண்டு. 'மக்களுக்கு விளங்காது'ன்னு அறிக்கை விட்டுட்டுப் போயிருக்கலாம்.

முதலில் விட்ட வைரஸ் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் கொன்றது. சில ஆண்டுகளிலேயே, 70 முதல் 95 வரை கொல்லும் நடுத்தர வகைகள் மேலோங்கிவிட்டதை ஃபென்னர் கண்டார். காரணம் கருணை இல்லை, கொசு. முயலின் தோல்புண்ணில் வாய் வைக்கும் கொசு வைரஸை எடுத்துப் போகிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் முயல் செத்தால் கொசுவுக்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு. ரொம்ப மென்மையான வகை என்றாலோ புண் சீக்கிரம் ஆறிவிடும். மெதுவாகக் கொல்லும் வகைக்கே அதிகக் கொசு வாய்த்தது. மறுபக்கம் முயலும் மாறியது. சாதாரண முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூறைக் கொல்லும் வைரஸ் ஒன்றை, பல கொள்ளைநோய் அலைகளைத் தாண்டி வந்த முயல்களின் வாரிசுகளுக்குக் கொடுத்தபோது சுமார் 25தான் செத்தன. இதைத்தான் 'சமநிலை' என்கிறார்கள். எழுபதைக் கொல்லும் சமநிலை! அந்த வாரிசுகள் பிறப்பதற்குமுன் எத்தனை முயல்கள் கண் வீங்கி, குருடாகிச் செத்தன என்பதை அந்தச் சொல் தன் கணக்கில் எழுதுவதில்லை.

பிரான்சில் 1952இல் அர்மான்-தெலீல் என்ற மருத்துவர் தன் தோட்டத்து முயல்களை ஒழிக்க இதே வைரஸை விட்டார். மறுவருஷமே அது பிரிட்டனுக்குப் போய்விட்டது. மூன்று நாடுகளின் இன்றைய முயல்களை அருங்காட்சியகங்களில் இருந்த பழைய முயல்களோடு ஒப்பிட்ட மரபணு ஆய்வு 2019இல் வந்தது. மூன்றிடத்திலும் பெரும்பாலும் அதே மரபணுக்களில் மாற்றம். எதிர்ப்புக்கான அந்தத் திரிபுகள் புதிதாக முளைத்தவை அல்ல. முன்பே கூட்டத்துக்குள் சிதறிக் கிடந்தவை.

வைரஸும் சும்மா இருக்கவில்லை. 1990களில் ஆஸ்திரேலியாவில் எடுத்துவைத்த வகைகளை எதிர்ப்பில்லாத ஆய்வுக்கூட முயல்களில் செலுத்திப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. பழைய வீக்கநோய் மாதிரி இல்லை. நோயெதிர்ப்பு மண்டலமே சரிந்து, உடம்பு முழுக்க பாக்டீரியா பரவி, முயல் திடுதிப்பென்று விழுந்தது. முயல் கோட்டையை உயர்த்த, கிருமி ஏணியை நீட்டியிருக்கிறது. காட்டு முயலில் செத்தவற்றின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 'சாது' போலத் தெரியும்.

1995இல் வார்டாங் தீவின் சோதனைக் களத்திலிருந்து முயலுக்கான இன்னொரு வைரஸ், ரத்தக்கசிவு நோய் வைரஸ், தப்பி ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கு வந்தது. இதைப் பரப்புவதில் ஈக்களுக்குப் பெரும் பங்கு. அவை மொய்ப்பது பிணத்தில். முயலில் எதிர்ப்பு கூடக்கூட இந்த வைரஸின் கொல்லும் திறனும் கூடியதாக 2014இல் வெளியான ஆய்வு காட்டுகிறது.