நுரையீரல் புற்றுநோயும் இணைநோய்களும்

நுரையீரல் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு அதனுடன் சேர்ந்திருக்கும் பிற நாட்பட்ட நோய்கள் இணைநோய்கள் எனப்படுகின்றன. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.), இதய நோய், நீரிழிவு, சிறுநீரகக் குறைபாடு, நுரையீரல் நார்த்தடிப்பு, காசநோய் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. புற்றுநோய் எந்த நிலையில் கண்டறியப்பட்டது என்பதுடன், இணைநோய்கள் எவை, எவ்வளவு தீவிரமானவை என்பதும் நோயாளியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

சேர்ந்தே வருவதன் காரணம்

2022இல் உலகம் முழுவதும் சுமார் 25 லட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 18 லட்சம் பேர் அதனால் இறந்தனர். இந்நோய் பெரும்பாலும் முதுமையில் வருகிறது. அதற்கு முதன்மைக் காரணமான புகையிலையே மூச்சுக்குழாய்களையும் இதயத் தமனிகளையும் கெடுக்கிறது. ஆகவே புற்றுநோய் தெரியவரும் நாளில் பலர் ஏற்கெனவே இன்ஹேலரோ ரத்த அழுத்த மாத்திரையோ பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

பழைய நோய் புதிய நோயை மறைப்பதும் உண்டு. சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு இருமல் கூடினால் அது வழக்கமான இருமலாகவே கருதப்படும். காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில், எக்ஸ்ரேயில் தெரியும் நிழலைக் காசநோய் என்று கருதி மருந்து கொடுப்பதால் புற்றுநோயைக் கண்டறிவது தாமதமாகிறது. மறுபுறம், வேறு நோய்க்காக எடுத்த ஸ்கேனில் சிறிய கட்டி தற்செயலாகத் தெரிந்து உயிர் பிழைத்தவர்களும் உண்டு.

அளவிடும் முறை

இணைநோய் என்ற கருத்தை 1970இல் அமெரிக்க மருத்துவர் ஆல்வன் ஃபைன்ஸ்டைன் வரையறுத்தார். 1987இல் மேரி சார்ல்சனும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய சார்ல்சன் குறியீடு 19 நோய்நிலைகளுக்கு 1 முதல் 6 வரை புள்ளிகள் தருகிறது. மாரடைப்புக்கு 1, தீவிர சிறுநீரக நோய்க்கு 2, தீவிர கல்லீரல் நோய்க்கு 3 எனப் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும்.

இந்தக் குறியீட்டுக்கு ஒரு குறை உண்டு. சி.ஓ.பி.டி. இருந்தும் கடைத்தெருவுக்கு நடந்து போய்வருபவருக்கும், வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரைச் சார்ந்திருப்பவருக்கும் நுரையீரல் நோய் என்ற வகையில் ஒரே புள்ளிதான். அதனால் மருத்துவர்கள் நோயாளியின் அன்றாடச் செயல்திறனை 0 முதல் 5 வரை மதிப்பிடும் இகாக் அளவையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

ஆயுளைக் குறைக்கும் மூன்று வழிகள்

முதலாவது, இணைநோயே உயிரைப் பறிப்பது: புற்றுநோய் அடங்கிய பிறகும் மாரடைப்பாலோ நிமோனியாவாலோ இறப்பு நேரலாம். இரண்டாவது, சிகிச்சையின் சிக்கல்களை அது கூட்டுவது. மூன்றாவது, இணைநோயைக் காரணம் காட்டி சிகிச்சையைக் குறைப்பது அல்லது தவிர்த்துவிடுவது.

முதல் நிலைப் புற்றுநோயில் இந்தத் தாக்கம் மிகத் தெளிவாகத் தெரியும். அங்கே புற்றுநோயைக் குணப்படுத்த முடியும் என்பதால், அதன் பிறகு எத்தனை ஆண்டு வாழ்வார் என்பதை இதயமும் மூச்சும் முடிவு செய்கின்றன. நான்காம் நிலையில் புற்றுநோயின் வேகமே மேலோங்குவதால் இணைநோயின் பங்கு ஒப்பீட்டளவில் குறைகிறது.

நோய்வாரியாக

*சி.ஓ.பி.டி.:* அறுவைச் சிகிச்சைக்கு முன், ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவும், ரத்தத்துக்குள் வாயு கடந்து செல்லும் திறனும் சோதிக்கப்படும். அறுவைக்குப் பின் இவ்விரண்டும் இயல்பளவில் 60 விழுக்காட்டுக்கு மேல் எஞ்சும் என்று கணக்கிட்டால் அபாயம் குறைவு. எஞ்சுவது அதற்குக் குறைவாகவும் 30 விழுக்காட்டுக்கு மேலாகவும் இருந்தால், நோயாளியைப் படியேறச் சொல்லிப் பார்ப்பதும் ஒரு சோதனை. 22 மீட்டர் உயரம் ஏறிவிட்டால் அறுவையைத் தாங்குவார் எனக் கொள்ளலாம்.

*நுரையீரல் நார்த்தடிப்பு:* இது மிக ஆபத்தான துணை. 2014இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், நார்த்தடிப்பு வகை நோய்களுடன் அறுவை செய்துகொண்ட 1,763 பேரில் 9.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் திடீரெனத் தீவிரமானது, அவர்களில் 43.9 விழுக்காட்டினர் இறந்தனர். கதிர்வீச்சும் இம்யூனோதெரபியும்கூட இவர்களுக்கு நுரையீரல் அழற்சியைத் தூண்டலாம்.

*இதய, சிறுநீரக நோய்கள்:* சிஸ்பிளாட்டின் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதைத் தடுக்க நரம்பு வழியே ஏராளமான திரவம் ஏற்ற வேண்டும். பலவீனமான இதயம் அதைத் தாங்காது. இத்தகையோருக்குப் பெரும்பாலும் கார்போபிளாட்டின் தரப்படுகிறது.

*நீரிழிவு:* வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கத் தரும் ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். மெட்ஃபார்மின் மாத்திரை புற்றுநோயாளிகளின் ஆயுளைக் கூட்டுவதாகப் பழைய பதிவேட்டு ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் நீரிழிவு இல்லாத நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான இரு மருத்துவச் சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை.

*காசநோய்:* ரிஃபாம்பிசின் மருந்து, ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றத்துக்குத் தரும் இலக்குநோக்கு மாத்திரைகள் பலவற்றைக் கல்லீரலில் விரைவாகச் சிதைத்து வலுவிழக்கச் செய்கிறது. இரண்டையும் வெவ்வேறு மருத்துவர்கள் எழுதித் தரும்போது இந்த மோதல் கவனத்துக்கு வராமல் போகலாம்.

சிகிச்சையில் வந்த மாற்றங்கள்

அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு, கட்டியை மட்டும் குறிவைத்து உயர் அளவில் சில தவணைகளே தரப்படும் நுண்துல்லியக் கதிர்வீச்சு வழி திறந்தது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இத்தகைய 55 பேரில், மூன்றாண்டுகளுக்குப் பின் கதிர்வீச்சு தந்த இடத்தில் கட்டி கட்டுக்குள் இருந்த விகிதம் சுமார் 98 விழுக்காடு; உயிருடன் இருந்தோர் விகிதம் சுமார் 56. சிலருக்கு வேறிடங்களில் புற்றுநோய் பரவியிருந்தது; ஏனையோரின் இழப்பில் பிற நோய்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கட்டியை வெல்வது மட்டும் போதாது என்பதற்கு இந்த இரு எண்களே சான்று.

2022இல் வெளியான ஜப்பானிய சோதனையில், 2 செ.மீ. வரையிலான கட்டிகளுக்கு நுரையீரல் மடலை முழுதாக எடுத்தவர்களில் 91.1 விழுக்காட்டினரும், சிறுபகுதியை மட்டும் எடுத்தவர்களில் 94.3 விழுக்காட்டினரும் ஐந்தாண்டுகள் உயிர் வாழ்ந்தனர். சிறுபகுதி எடுத்தவர்களிடம் அதே இடத்தில் புற்றுநோய் திரும்புவது கூடுதலாக இருந்தபோதிலும், பிற காரணங்களால் இறந்தவர்கள் குறைவு.

வயதும் தனித்த தடை அல்ல. 2011இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், முற்றிய நோயுள்ள 70 முதல் 89 வயதினருக்கு ஒரு மருந்துக்குப் பதில் இரு மருந்துகள் சேர்த்துத் தந்தபோது சராசரி ஆயுள் (இடைநிலை அளவு) 6.2 மாதங்களிலிருந்து 10.3 மாதங்களாகக் கூடியது, பக்கவிளைவுகளும் கூடின.

செய்யக்கூடியவை

புகையை நிறுத்துவதற்குப் புற்றுநோய் வந்த பிறகும் பலன் உண்டு. ரஷ்யாவில் ஆரம்ப நிலை நோயுள்ள 517 புகைப்பவர்களைத் தொடர்ந்து கவனித்த 2021ஆம் ஆண்டு ஆய்வில், நிறுத்தியவர்கள் இடைநிலை அளவில் 6.6 ஆண்டுகளும் தொடர்ந்தவர்கள் 4.8 ஆண்டுகளும் வாழ்ந்தனர். இன்ஹேலரை ஒழுங்காகப் பயன்படுத்துதல், அறுவைக்கு முன் மூச்சுப்பயிற்சியும் நடைப்பயிற்சியும், ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகள், சர்க்கரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு ஆகியவையும் சிகிச்சையைத் தாங்கும் வலுவைத் தருகின்றன.

இணைநோய் உள்ளவர்கள் பெரும்பாலான மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கப்பட்டு வந்திருக்கிறார்கள். அதனால் யாருக்கு வழிகாட்டுதல் மிகவும் தேவையோ அவர்களுக்கே சான்றுகள் குறைவு. இந்தக் குறையைக் காரணமாக்கி எவரையும் கைவிடுவது நியாயமாகாது. இணைநோய்ப் பட்டியல் நீளமானது என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கும் முன், நுரையீரல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் உண்மையான திறனை அளந்து பார்க்க வேண்டும். நோயாளியும் குடும்பத்தினரும் தாம் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் முதல் சந்திப்பிலேயே புற்றுநோய் மருத்துவரிடம் கொடுத்துவிடுவது அவசியம்.