பன்னிரண்டு கம்பிகளின் பாரம்

ஓசூர் சிப்காட் பக்கம், ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் பழைய பன்னிரண்டு கம்பி கிட்டாரை விற்கிறார் என்று போனேன். முதலில் பார்த்தது பிரிட்ஜை. பலகையை விட்டு எழும்பியிருந்தது. ஒரு தாள் நுழையும்.

ஆறு ஜோடிக் கம்பிகள். தடித்த நான்கு ஜோடிகளில் ஒன்று மேல்ஸ்தாயி. மற்ற இரண்டில் இரு கம்பிக்கும் ஒரே சுருதி. வழக்கமான சுருதியில் மொத்த இழுவை 100 கிலோவைத் தாண்டும். 1949இல் மறைந்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி, தன் ஸ்டெல்லா கிட்டாரை வெகுவாகச் சுருதி இறக்கித்தான் வாசித்தார்.

"பையன் எப்ப வந்தாலும் எடுத்து வாசிக்கட்டும்னு சுருதி சேர்த்தே வச்சிருந்தேன் தம்பி," என்றார்.

பிரிட்ஜைக் காட்டி விலையைக் குறைக்கலாம் என்று போனவன், கேட்டதைக் கொடுத்தேன். ஒட்டவைத்து, சுருதி இறக்கி வாசிக்கிறேன்.