சர்ப்பகந்தி முதல் கெட்டமைன் வரை

மனம் சோர்ந்து முடங்கிக் கிடப்பவரை எங்கள் வில்லாபுரத்தில் "மனசு சரியில்லை" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். மன உறுதி இருந்தால் தானே எழுந்துவிடுவார் என்பது எண்ணம். நம் நாட்டு வேர் ஒன்று இந்த எண்ணத்தை அசைத்துப் பார்த்த வரலாறு உங்களுக்குத் தெரியுமா?

சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தையும் சித்தப்பிரமையையும் தணிப்பதாகக் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931-இல் எழுதினர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் மேனாட்டார் கவனித்தனர். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது.

ரெசர்பின் உட்கொண்ட சிலரைக் கடும் மனச்சோர்வு பற்றியது. (எத்தனை பேரை என்பதில் பிற்கால ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.) 1955-இல் அமெரிக்காவில் பிராடி குழுவினர், இம்மருந்து முயல் மூளையிலுள்ள செரடோனினைக் காலி செய்வதைக் காட்டினர். அப்படியானால் செரடோனின் போன்ற பொருள்கள் குறைவதுதான் மனச்சோர்வு. அவற்றைக் கூட்டினால் நோய் தீரும் என்ற கருத்து வலுப்பெற்றது. பல மாத்திரைகளுக்கு அதுவே அடிப்படை.

இயற்பியல் படித்தவனுக்கு இங்கே காலக்கணக்கு இடிக்கும். மாத்திரை சில மணி நேரத்திலேயே செரடோனினைக் கூட்டிவிடுகிறது. நோயாளி தேறுவதற்கோ வாரங்கள் ஆகின்றன. சுவிட்சைப் போட்டு மூன்று வாரம் கழித்து விளக்கு எரிந்தால், இடையில் வேறேதோ நடக்கிறது என்றுதானே சொல்வீர்கள்?

அந்த 'வேறேதோ' என்ன என்பதற்குத் துப்புக் கொடுத்தது ஒரு மயக்க மருந்து. கெட்டமைனை 1962-இல் கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கினார். 2000-ஆம் ஆண்டு வெளியான ஏல் பல்கலைக்கழக ஆய்வில், மயக்கம் தராத சிறு அளவை 7 நோயாளிகளுக்குச் செலுத்தினர். மூன்று நாட்களுக்குள் சோர்வு தணிந்தது. 2006-இல் வந்த மற்றோர் ஆய்வில் ஒரே நாளில்!

கெட்டமைன் குறிவைப்பது செரடோனினை அல்ல, குளூட்டமேட்டை. நரம்புச் செல்லின் மேல் என்எம்டிஏ என்றோர் ஏற்பி உண்டு. குளூட்டமேட் வந்து ஒட்டினால் அதன் வாயில் திறந்து கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். கெட்டமைன் அவ்வாயிலில் தக்கைபோல் அடைத்துக்கொள்கிறது. அடக்கும் வேலை செய்யும் செல்கள் இதனால் முதலில் ஓய்ந்துபோக, மற்றவை விழித்தெழுகின்றன என்பது ஒரு விளக்கம். செல்களுக்கிடையே புதிய இணைப்புகள் முளைப்பதை 2010-இல் எலிகளிடம் கண்டனர். மருந்து உடலைவிட்டு நீங்கிய பின்னும் பலன் சில நாட்கள் நிற்பதற்கு இவ்விணைப்புகளே காரணமாகலாம்.

சில நாட்கள்தான், பிறகு சோர்வு திரும்புவதுண்டு. அடிக்கடி பயன்படுத்தினால் அடிமையாக்கும், சிறுநீர்ப்பையையும் கெடுக்கும். இதன் உறவான எஸ்கெட்டமைன் மூக்குத் தெளிப்பானுக்கு 2019-இல் அமெரிக்கா அனுமதி வழங்கியபோது, மருந்தேற்றிய பின் 2 மணி நேரமாவது கண்காணிப்பில் இருத்த வேண்டும், வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்று விதித்தது.