சிதைவுத் துண்டும் தொடர் எண்ணும்

1942 முதல் 1945 வரை, அசாமிலிருந்து சீனத்தின் குன்மிங்கிற்குப் போர்ச்சரக்கு சுமந்த அமெரிக்க விமானங்கள் பல அருணாசல மலைகளில் வீழ்ந்தன. அங்குக் கிடக்கும் உலோகத் துண்டு எந்த விமானத்தினுடையது என்று எவ்வாறு அறிவது?

சரக்கு விமானங்களில் பதினெட்டு சிலிண்டர் ஆர்-2800 பொறி சி-46ஐச் சுட்டும். பதினான்கு சிலிண்டர் ட்வின் வாஸ்ப் பொறியோ சி-47, பி-24 இரண்டிலும் உண்டு. அதனுடன் டர்போ சூப்பர்சார்ஜர் இருந்தால், அது பி-24 அல்லது அதன் சரக்கு வடிவமான சி-87. 32 எனத் தொடங்கும் உதிரிபாக எண்ணும் அதற்குச் சான்று. கன்சாலிடேட்டட் நிறுவனத்தில் பி-24இன் மாதிரி எண் அதுவே.

இவை வகையை மட்டுமே உணர்த்தும். தனி விமானத்தை அறிய, பொறியின் தொடர் எண்ணைக் காணாமற்போன விமானக்குழு அறிக்கையில் பதிவான எண்ணுடன் ஒப்பிட வேண்டும்.

1944 ஜனவரி 25 அன்று எண்மருடன் மறைந்த ‘ஹாட் ஆஸ் ஹெல்’ என்னும் பி-24இன் சிதைவு 2006இல் தம்ரோ அருகே கண்டறியப்பட்டது. அதில் பறந்த அதிகாரி ஒருவரின் உடல் எச்சம் 2017இல் உறுதிசெய்யப்பட்டது.

ஆகவே களத்துக்குச் செல்லும் மாணவர்கள் எண்ணைப் படமெடுக்கட்டும். துண்டைக் கிடந்த இடத்திலேயே விடட்டும். நினைவுப்பொருளாக அது இடம்பெயர்ந்தால், ஒரு குடும்பம் காத்திருக்கும் விடையும் அதனுடன் தொலையக்கூடும்.