கொத்மலை ஓயாவும் அரசாங்க நிதியும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்தின் வரலாறு தேயிலையின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. அத்தேயிலைக்கு இடையே ஓடும் ஆறுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஹோர்ட்டன் சமவெளியில் ஊற்றெடுத்து, ஆக்ர ஓயாவாக இறங்கி, தலவாக்கலையைக் கடந்து செல்லும் கொத்மலை ஓயா இதற்குத் தக்க சான்றாகும். ஆற்றுயிர்களைப் பேண அரசு எப்போது, எதற்காகப் பொருள் செலவிட்டது என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. 1873ஆம் ஆண்டில் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு அறிவுறுத்தினார். ஹோர்ட்டன் சமவெளி எஞ்சியமைக்கு அவ்வறிவுரையே அடித்தளமாயிற்று எனலாம். ஆனால் நீரோடைகளைப் பொறுத்தவரை ஆங்கிலேயரின் நாட்டம் வேறாக இருந்தது. 1880களில் ட்ரவுட் மீன்முட்டைகள் கடல் கடந்து கொணரப்பட்டு மலையோடைகளில் விடப்பட்டன. துரைமாரின் தூண்டிற்பொழுதுபோக்கே அதன் நோக்கம். ஓடைகளின் சுதேச மீன்கள் எவருடைய கவனத்தையும் பெறவில்லை.

சுதந்திரத்தின் பின்னர் நோக்கம் மாறியது. மீன் மக்களின் உணவாகக் கருதப்பட்டது. திலாப்பியா, கெண்டை முதலிய அயல் இனங்கள் அரச செலவில் குளங்களில் விடப்பட்டன. 1990ஆம் ஆண்டில் அரசு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை முற்றாக நிறுத்தியது. உயிர்க்கொலைக்கு அரசு துணைநிற்றல் தகாது என்னும் சமயக் கருத்தே அதற்குப் பின்னணி. மீன் உற்பத்தி பெரிதும் வீழ்ந்தது. 1994இல் ஆதரவு மீளவும் வழங்கப்பட்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை தோன்றியது. எனினும், இம்மூன்று கட்டங்களிலும் மீனுக்கே பொருள் செலவிடப்பட்டது. மீன் வாழும் ஆறு கருதப்படவில்லை.

ஆற்றினைக் கருதவேண்டிய கட்டாயம் மேல் கொத்மலை மின்திட்டத்தால் எழுந்தது. அருவிகள் வறண்டுவிடும் என்ற எதிர்ப்பு வலுத்தது. நீண்ட விவாதத்தின் பின்னர், 1998இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை நிபந்தனைகளுடன் இசைவளித்தது. ஜப்பானியக் கடனுதவியுடன் தலவாக்கலையில் அணை எழுந்தது. 150 மெகாவாற்று ஆற்றலுடைய நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. சென் கிளையர் அருவிக்காக நாள்தோறும் பகலில் 10 மணி நேரம், 47,250 கனமீற்றர் நீரை விடவேண்டும் என்பது ஒரு நிபந்தனை. இது வினாடிக்கு ஏறத்தாழ 1.3 கனமீற்றராகும். அந்நீர் மின்னாக மாறாது செல்வதால், வரவுசெலவுத் திட்டத்தில் தோன்றாவிடினும் இதுவும் அரசு செலுத்தும் ஒரு விலையே.

இவ்விதி முதற்கண் காண்போரின் கண்ணுக்காக வகுக்கப்பட்டது. அருவியைப் பார்ப்பவர் மாலையில் திரும்பிவிடுவர். ஆற்றுமீனோ இரவிலும் ஆற்றிலேயே வாழ்கிறது. அணைக்காகத் தம் வசிப்பிடங்களை விட்டுப் பெயர்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கும் இவ்வாறு உரியதாகும். காட்டை அழித்ததும், தோட்டத்தை வளர்த்ததும், அணைக்கு இடம் கொடுத்ததும் உழைக்கும் மக்களின் தோளிலேயே நிகழ்ந்தன. ஆதலின் நீர்வாழ்விட மீட்புக்கு இனி ஒதுக்கப்படும் நிதி, ஆற்றோரக் காட்டையும் சுதேச மீன்களையும் மட்டுமன்றி, கரையில் வாழும் தோட்ட மக்களையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். துரைக்காகவும், தட்டுக்காகவும், காட்சிக்காகவும் செலவிட்ட அரசு, ஆற்றுக்காகவே செலவிடும் காலம் இன்னும் தொடங்கவேண்டியதாகவே உள்ளது.