கேத்தியில் கோடையைக் கழித்த நம்மூர் கவர்னர்

மே மாதச் சங்கச் சுற்றுலாவுக்கு ஏற்காடா, கொடைக்கானலா, ஊட்டியா என்று வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்கெடுப்பில் ஊட்டி ஜெயித்துவிட்டது. நான் ஏற்காட்டுக்கு ஓட்டுப் போட்டவன். தோற்ற கட்சிக்காரனாக ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். குன்னூரைத் தாண்டி ஊட்டிக்குப் போகும் வழியில், கேத்தியில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்துங்கள். அந்த ஊருக்கும் புதுச்சேரிக்கும் ஏறக்குறைய இருநூறு வருடப் பழக்கம் உண்டு.

ஊட்டி என்றாலே ஆங்கிலேயர் ஊர் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறினார், பிறகு கல் பங்களா கட்டினார், ஏரி வெட்டினார் என்று கதை போகும். அவர் 'கண்டுபிடித்தார்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். தோடர்களும் கோத்தர்களும் படுகர்களும் எத்தனையோ தலைமுறையாக வாழ்ந்த மலையை யார் கண்டுபிடிப்பது? அது இருக்கட்டும். அதே 1819-ல் இன்னொருவரும் அந்த மலைக்குப் போனார். லெஷெனோ என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர். செடி கொடிகளைச் சேகரிக்கப் புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டவர். உடம்பு சரியில்லாமல் ஏறி, மலைக் காற்றில் தேறி இறங்கினார். ஊட்டிக் கடைகளில் மூட்டுவலிக்கு விண்டர்கிரீன் தைலம் வாங்குவீர்களே, அந்தத் தைலம் எடுக்கும் செடிக்குத் தாவரவியலாளர்கள் வைத்த பெயர்களில் ஒன்றில் லெஷெனோவும் இருக்கிறார். மலையில் வளரும் மஞ்சள் பூ முட்செடி ஒன்றுக்கும் அவர் பெயர்தான்.

இனி கவர்னர் கதைக்கு வருகிறேன். பிரெஞ்சு இந்தியாவின் வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர். ஐந்தும் கடலோரம் அல்லது ஆற்றோரம். வெயிலுக்கு ஒதுங்க ஒரு மலைநகரம்கூட அவர்களுக்குக் கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் நம் மொட்டை மாடித் தண்ணீர் கொதிப்பது நமக்குத் தெரியும். மின்விசிறியும் இல்லாத காலத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்!

கேத்திப் பள்ளத்தாக்கில் சென்னை கவர்னர் லஷிங்டன் 1830 வாக்கில் அரசுச் சோதனைப் பண்ணை ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஐரோப்பியக் காய்கறி, பழம், தானியம் இந்த உயரத்தில் விளையுமா என்று பார்ப்பதற்கான பண்ணை. கம்பெனி மேலிடத்துக்கு அந்தச் செலவு பிடிக்கவில்லை. 1836-ல் பண்ணை மூடப்பட்டு, கட்டடமும் நிலமும் கைமாறின. பெற்றுக்கொண்டவர் புதுச்சேரியின் கவர்னர், 1835 முதல் 1840 வரை இங்கே ஆட்சி செய்த மார்க்கி தெ சேன்-சிமோன். அதற்கு இருபது வருடம் முன்புவரை நம் ஊரைப் பிடித்து வைத்திருந்த ஆங்கிலேயரின் மலையில், பிரெஞ்சு கவர்னருக்குக் கோடை வீடு! ரயில் இல்லாத காலம். இன்று நாம் பேருந்தில் கடக்கும் நானூறு கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தைக் குதிரையிலும் பல்லக்கிலும் கடந்தார்கள். பல்லக்கு தூக்கியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

கேத்தியில் கவர்னரைவிட எனக்குப் பிடித்த ஆள் பெரோத்தே. 1793-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்து, பிரெஞ்சு அரசுக்காக உலகம் சுற்றிய செடிக்காரர். பிலிப்பைன்சிலிருந்து முசுக்கொட்டைச் செடி ஒன்றை பிரான்சுக்குக் கொண்டு சேர்த்தவர். கம்பெனி சீனாவிலிருந்து விதை வரவழைத்து வளர்த்த தேயிலைக் கன்றுகளில் சில 1835-ல் கேத்திக்கு வந்திருந்தன. பண்ணையை மூடியதும் அவற்றைக் கவனிக்க ஆளில்லை. பெரோத்தே அந்தச் செடிகளைப் பார்த்தார். மூடியிருந்த மண்ணை விலக்கிப் பராமரித்தார். செடிகள் பிழைத்து வளர்ந்து பூத்தன.

நீலகிரிக்குத் தேயிலையைக் கொண்டுவந்தவர் அவர் என்று நான் சொல்லவில்லை. குன்னூர்ப் பக்கம் அதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. பெரிய தோட்டங்கள் எல்லாம் 1850-களுக்குப் பிறகு வந்தவை. ஆனால் இந்த மண்ணில் தேயிலை நிற்கும் என்று கண்ணால் காட்டிய சிலரில் அவர் ஒருவர். அதன் விலையையும் அந்த மலையிலேயே பார்க்கலாம். சன்னல் ஓரம் பச்சைக் கம்பளம் போலத் தெரியும் சரிவுகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் புல்வெளியும் சோலைக்காடும். குறிஞ்சிச் செடியின் இனத்தில் ஒன்று, நீலகிரியில் வளர்வது, பெரோத்தேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் காப்பாற்றிய தேயிலைதான் அந்தச் செடி வளர்ந்த இடங்களைப் பின்னால் எடுத்துக்கொண்டது.

பெரோத்தே பின்னாளில் புதுச்சேரிக்கே திரும்பி வந்தார். 1826-ல் அமைந்த நம் தாவரவியல் பூங்காவை நெடுங்காலம் பார்த்துக்கொண்டு, 1870-ல் இந்த ஊரிலேயே இறந்தார். பிள்ளைகளைப் பொம்மை ரயிலில் ஏற்ற நாம் அழைத்துப் போகிறோமே, அதே பூங்கா. 2011 தானே புயலில் அங்கே சாய்ந்த மரங்களைப் பார்த்து அழுதவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். ஊட்டிக்குக் கிளம்பும் முன் ஒரு ஞாயிறு காலை அங்கே நடந்துவிட்டு வாருங்கள்.

கேத்தியில் கவர்னரின் வீட்டைத் தேடி அலைய வேண்டாம். அது பின்பு சென்னை கவர்னர் எல்பின்ஸ்டன் கைக்கும், பிறகு வேறு கைகளுக்கும் போய்விட்டது. சாலையோரம் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தால் போதும். காரட், உருளைக்கிழங்குப் பாத்திகள் படிப்படியாக இறங்கும், நடுவே படுகர் ஊர்கள் தெரியும். வசதி இருந்தால் குன்னூரிலிருந்து மலை ரயிலில் வாருங்கள். கேத்தி நிலையம் வழியில்தான் இருக்கிறது. தொட்டபெட்டாவும் (2,637 மீட்டர்) பைக்காராவும் மறுநாள் காத்திருக்கும்.

கடைசியாக ஒன்று. நீலகிரிக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும் என்ற நடைமுறை 2024 மே மாதம் முதல் இருக்கிறது. பேருந்துக்கு முன்கூட்டியே பதிய வேண்டியிருப்பதால், வருகிறவர்கள் பெயரை இந்த மாதக் கடைசிக்குள் சங்க அலுவலகத்தில் எழுதிவிடுங்கள். கேத்தியில் நிறுத்தச் சம்மதமா என்றும் பக்கத்தில் ஒரு வார்த்தை குறியுங்கள்.