கப்பலேறாத கல்வி

ஒரு காலத்தில் நம் தீவு மாணவர் பள்ளியிறுதித் தேர்வில் தேறியபின் கல்லூரி காண, சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ கப்பலேற வேண்டியிருந்தது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு துறைமுகத்தோடு நின்றது.

2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேயரில், 1967-இல் அரசினர் கல்லூரி தோன்றியது. அதுவே ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயம். 1984-இல் பாலிடெக்னிக்கும், 2015-இல் மருத்துவக் கல்லூரியும் எழுந்தன.

வாயில்கள் பலவாயின, ஆயினும் திறவுகோல் வெவ்வேறு. பத்தாம் வகுப்பு முடித்தோர் தொழிற்பட்டயம் பயிலலாம். பட்டப்படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும். மருத்துவத்திற்கோ உயிரியலும் நீட் தேர்வும் இன்றியமையாதன. பதினோராம் வகுப்பில் உயிரியலை விட்டவர்க்குப் பின்னர் அவ்வாயில் எளிதில் திறவாது.

ஆதலின் பெற்றோரே, மதிப்பெண் வரும்வரை காத்திராமல், பிள்ளையின் நாட்டத்தை இன்றே கேட்டறிதல் நம் கடன்.